பதினேழு பேர் வந்த பாரிஷ் கூட்டம்

இங்கிலாந்தின் அந்தக் கிராமச் சர்ச்சுக்குள் யாரும் கோட்டைக் கழற்றவில்லை. வெளியே இருந்ததைவிட உள்ளே குளிர் அதிகம். நடுவில் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அந்த வாடையும், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும், பழைய பாட்டுப் புத்தகங்களின் பூஞ்சை வாடையும் சேர்ந்து, பக்கத்தில் ஓர் ஈர ஆடு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பிரையன். ஓய்வுபெற்ற தபால்காரர் அவர். அந்த ஊரின் கூட்டத் தலைவர்.

என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த என் கணவர் கதிர்வேல் கை தூக்கினார். முன் வரிசையில் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி ஹெலன் கை தூக்கினாள். தூக்கியபடியே பாதி திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என் கைகள் கோட்டுப் பைக்குள் இருந்ததைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதித்தது.

பிரையன் பேனா முனையால் ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணுவது போலக் காற்றில் எண்ணினார். எட்டு.

"எதிர்க்கிறவங்க."

நான் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை தூக்கினேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. என் ஆயுளில் எந்த ஊரிலும் எந்த விஷயத்துக்கும் நான் அளித்த முதல் ஓட்டு அது. உடுமலையில் ஓட்டுரிமை வந்த பதினெட்டு வயதில் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கல்யாணம். பிறகு நியூஜெர்ஸி.

கதிர் திரும்பி என்னைப் பார்த்தார். தப்பான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் பார்க்கிற பார்வை.

சலவை அறையில் கேட்ட செய்தி

சென்ற வாரம் நியூஜெர்ஸியில் எங்கள் பார்சிப்பனி அடுக்ககத்தின் சலவை அறையைப் பற்றி எழுதியிருந்தேன். இங்கிலாந்துச் செய்தியை நான் கேட்டதும் அங்கேதான். ஈரத் துணியை டிரையருக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது கதிர் ஆபீஸ் பையோடு நேரே அங்கே வந்தார்.

"சுமதி, ரெண்டு வருஷம் இங்கிலாந்து போகச் சொல்றாங்க. அங்க புது பிளான்ட் ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கணும்."

"கிரீன் கார்டுங்க?"

"அது க்யூவுல அப்படியே நிக்கும். நாம எங்க இருந்தாலும் அது நகரப்போறதில்ல."

மருந்துக் கம்பெனி வேலை அவருக்கு. பொள்ளாச்சிக்காரர். எதற்கும் அவசரப்படாத மனுஷர். க்யூவில் நிற்பதற்கென்றே பிறந்தவர் என்று நான் சொல்வதுண்டு. உடுமலையில் ஒரு வருடம் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்த நான், கல்யாணமாகி வந்த பிறகு சார்பு விசாவில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போக அனுமதி இல்லை. எங்கள் மகள் நிலா அங்கேயே பிறந்தவள். அப்போது அவளுக்கு எட்டு வயது. மூன்று பேரில் அவள் ஒருத்திதான் அமெரிக்கப் பிரஜை.

அவளிடம் சொன்னபோது சீரியல் கிண்ணத்திலிருந்து நிமிராமல், "டு தே ஹேவ் டார்கெட் தேர்?" என்று கேட்டாள். வாரா வாரம் நாங்கள் போகிற கடை அது. இல்லை என்றேன். "தென் வொய்?" என்றாள்.

பெயர் சொல்லாத ஊர்

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பதினாலு வீடு உள்ள ஊரில் பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னது போலாகிவிடும்.

பிளான்ட் இருந்த டவுனில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. அரைமணி நேரம் தள்ளி, மேடும் பள்ளமுமான வயல்களுக்கு நடுவே இந்த ஊரில் கிடைத்தது. கல்லால் கட்டிய சின்ன வீடு. கதிரின் தலை இடிக்கிற உயரத்தில் வாசல்படிகள். ஊரில் கடை கிடையாது, ஸ்கூல் கிடையாது. பஸ் வாரத்துக்கு இரண்டு முறை. மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். அக்டோபரில் போய் இறங்கினோம். மார்ச் வரை தரை காய்ந்து நான் பார்க்கவில்லை.

சர்ச்சுக்கும் பாதிரியார் தனியாக இல்லை. ஏழு ஊர்களுக்கு ஒரு பெண் பாதிரியார். மாதம் ஒரு ஞாயிறு காரில் வந்து ஜெபம் நடத்திவிட்டுப் போவார். ஆனாலும் அந்த ஊருக்கு பாரிஷ் என்றுதான் பெயர். ஒரு காலத்தில் சர்ச்சின் எல்லையாக இருந்தது, பிறகு பஞ்சாயத்தின் எல்லையாகவும் ஆகிவிட்டதாம். கொஞ்சம் பெரிய பாரிஷ் என்றால் தேர்ந்தெடுத்த கவுன்சில் இருக்கும். இது அதற்கும் போதாத சின்ன ஊர். அதனால் நம் கிராம சபை போல ஓட்டுரிமை உள்ள எல்லோரும் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். வேறு கட்டடம் இல்லாததால் சர்ச்சிலேயே கூடுவார்கள்.

அவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் நினைவில் ஏனோ தமிழாகவே பதிந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஹெலன்

ஹெலனுக்கு அறுபதுக்கு மேல் வயது. ஊரின் பெரிய பண்ணை அவளுடையது. கணவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மகன் ஆஸ்திரேலியாவில். பண்ணையை அவள் ஒருத்தியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வந்த அன்றே அடுப்பு மூட்டி வைத்திருந்தாள். மேசைமேல் முட்டை, ரொட்டி, பால். "இறைச்சி சாப்பிட மாட்டீங்கன்னு யாரோ சொன்னாங்க. நிஜமா?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும் கையிலிருந்த ஒரு பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுபோய்விட்டு, அரைமணியில் உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்த ஒன்றோடு வந்தாள்.

ஓடையில் வெள்ளம் வந்து சாலை மூழ்கிய நாட்களில் எங்கள் சின்னக் கார் நகராது. ஹெலன் தன் உயரமான ஜீப்பில் நிலாவைப் பக்கத்து ஊர் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டாள். நாங்கள் கேட்கவே இல்லை. எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம் கேட்கும். பத்து வருடத்துக்கு மேல் பார்சிப்பனியில் இருந்தும் எங்கள் வாசலில் அப்படி ஒரு ஹாரன் கேட்டதில்லை. அங்கே எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோருக்கும் அவரவர் கார்.

ரெஜ்

ஓடைக்கு இந்தப் பக்கம், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற மாதிரி, சமதளமாக ஒரு வயல் இருந்தது. அது பாரிஷுக்குச் சொந்தம். அதன் மூலையில் பாசி பிடித்த ஒரு கேரவன், சக்கரத்தின் மேல் நிற்கிற ஓர் அறை வீடு. அதில் ரெஜ் இருந்தார். எழுபது வயதிருக்கும். கூடவே வெள்ளை வாத்துகள். வாத்து என்று எழுதுகிறேனே தவிர நம் ஊர் வாத்து இல்லை. கழுத்தை நீட்டினால் நிலாவின் முகத்துக்கு வரும்.

முதல் வாரம் வயல் ஓரமாக நடந்தபோது வாத்துகள் சீறிக்கொண்டு எங்களைத் துரத்தின. நிலா வீறிட்டாள். ரெஜ் கேரவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளையப் புடி" என்றார். "கடிச்சா என்கிட்ட வராதே."

இன்னொரு நாள் வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தபோது வேலியோரம் வந்து நின்றார். திறந்திருந்த ஜன்னல் வழியாக நான், "காபி சாப்பிடறீங்களா?" என்றேன்.

"ஜன்னலை மூடு. வாடை அங்க வரைக்கும் வருது."

மூடிவிட்டேன். அவர் மனதுக்குள் நல்லவராக இருப்பார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். அப்படி எதுவும் வெளிப்படவில்லை. கதிர் அவரை 'உன் ஃப்ரெண்ட்' என்பார்.

பிரையன்தான் ரெஜ்ஜைப் பற்றி விவரம் சொன்னார். ஓட்டர் பட்டியலுக்குப் பெயர் கேட்டு வந்த கடிதத்தைக் கதிர் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருந்தார். அதை விசாரிக்க பிரையன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாங்க இந்தியன் சிட்டிசன்ஸ்" என்றார் கதிர்.

"அதனாலதான் கேக்கறேன். காமன்வெல்த் நாட்டுக்காரங்க. இங்க குடியிருந்தா ஓட்டு உண்டு."

கதிர் தமிழில் என்னிடம், "பதினோரு வருஷமா டாக்ஸ் கட்டறோம், அங்க ஸ்கூல் போர்டு எலெக்‌ஷனுக்குக்கூட நம்மளைக் கூப்பிட்டதில்ல. இங்க வந்து மூணு மாசம்கூட ஆகல" என்றார். பிரையன் ஏதோ பிரச்சினை என்று நினைத்து, "கட்டாயமில்ல" என்றார்.

டீ குடிக்கும்போது ஜன்னல் வழியாகக் கேரவனைப் பார்த்துக்கொண்டே பிரையன் சொன்னார். ரெஜ் ஹெலனின் மாமனார் காலத்தில் அந்தப் பண்ணையின் ஆட்டுக்காரர். முப்பது வருட வேலை. வேலையோடு சேர்ந்த வீடு ஒன்று இருந்தது. ஆடுகளைக் குறைத்து வேலையை நிறுத்தியபோது வீடும் போயிற்று. அப்போதிருந்த கூட்டத் தலைவர், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி பாரிஷ் வயலில் கேரவன் போட்டுக்கொள்ள விட்டார்.

"எந்த வீடு?" என்று கேட்டேன்.

பிரையன் டீக் கோப்பையைப் பார்த்தார். "இதுதான்."

வித்யா போனது

இங்கே ஒரு கிளைக்கதை. பார்சிப்பனியில் எங்களுக்கு மேல்தளத்தில் வித்யா இருந்தாள். திருச்சிக்காரி. அவள் கணவருக்கு ஒரு திங்கட்கிழமை காலை வேலை போயிற்று. எங்கள் மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு அடுத்த வேலை தேட இரண்டு மாதம் டைம். கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிடைக்கவில்லை. பையன் ஐந்தாம் வகுப்பில் பாதி வருடம் முடித்திருந்தான்.

புல்வெளியில் சோபாவையும் கட்டிலையும் பரப்பி விற்றார்கள். கொலுப்படிகளை யாரும் வாங்கவில்லை. வித்யா அதைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. "யார் மேல கோபப்படறதுன்னே தெரியல சுமதி" என்றாள். "மேனேஜர் ஹெச்.ஆரைக் கை காட்டறார். ஹெச்.ஆர் பாலிசிங்கறாங்க. லாயர் ரூல்ங்கறார். போய் நின்னு, ஏன் சார் இப்படின்னு கேக்கலாம்னா, கேக்கறதுக்கு ஒரு ஆள் இல்ல."

அவள் போன பிறகு எங்கள் தலைக்கு மேல் வேறு யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

ஹெலன் கேட்டது

ஜனவரியில் ஹெலன் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். பண்ணையில் வருமானம் இல்லை. பெரிய தானியக் கொட்டகையைப் புதுப்பித்துக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாள். எல்லா அனுமதியும் வந்துவிட்டது. கார் நிறுத்த இடம் காட்டினால் போதும். ஊரில் சமதளமாக இருப்பது அந்த ஒரு வயல்தான். பாரிஷ் அதைக் குத்தகைக்குத் தர வேண்டும்.

"அப்ப ரெஜ்?" என்றேன்.

"அவருக்கும் வயசாச்சு. அந்த ஈரத்துல எத்தனை நாள் இருப்பார்? டவுன்ல ஏதாவது பார்ப்பாங்க." அவள் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "கூட்டத்துக்கு ரெண்டு பேரும் வருவீங்கதானே?"

"வர்றோம்" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் போனதும் கதிர், "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கேரவனின் தகரக் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அன்றைய கூட்டம்

ஒரு சனிக்கிழமை பிற்பகல். நிலா பின்வரிசையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். ரெஜ் எல்லோருக்கும் பின்னால், தூணுக்குப் பக்கத்தில்.

ஹெலன் முதலில் பேசினாள். கணவரின் நிலைமையை நேராகச் சொன்னாள். "இது நடக்கலைன்னா பண்ணையை விக்கணும். வாங்கறவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது" என்றாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வயதான ஒரு பெண் கேட்டாள். "ரெஜ் எங்க போவார்?"

பிரையன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அது இன்னிக்குத் தீர்மானத்துல இல்ல."

அவரும் நல்லவர்தான். தாளில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். வேறு நாட்டில், வேறு வார்த்தைகளில், வித்யாவின் வாயால்.

"ரெஜ், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று பிரையன் கேட்டார்.

ரெஜ் எழுந்திருக்கவில்லை. "டவுன் கவுன்சில்ல வீடு கேட்டு எழுதிக் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கேன். எப்ப வரும்னு கேட்டா அவங்களுக்கே தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "வேற எதாவது கேக்கணும்னா சீக்கிரம் கேளுங்க. வாத்துகளை அடைக்கணும்" என்றார்.

கதிர் ஷூ லேஸ் கட்டுவது போல லேசாகக் குனிந்து நிமிர்ந்தார். வெயிட்டிங் லிஸ்ட் என்ற சொல் அவருக்கும் கேட்டிருக்கும்.

எனக்கு ரெஜ் மேல் அன்பு வந்துவிடவில்லை. அவர் அன்றைக்கும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். ஹெலனுக்கு நாங்கள் பட்டிருந்த நன்றி எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. வித்யாவுக்குப் போய்க் கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. இந்தக் கிழவர் கேட்பதாக இருந்தால் பதினேழு பேர் இருக்கிறோம். அதில் ஒருத்தி அவர் இருந்த வீட்டில் சமைக்கிறாள்.

பிரையன் எதிர்க் கைகளை எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார்.

"ஒன்பது" என்றார். "தீர்மானம் தோற்றது."

சர்ச்சுக்குள் நாற்காலிகளை மடக்குகிற சத்தம் மட்டும். ரெஜ் யாருக்கும் முன்பாக எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தபோது

தூறல். சந்து முழுக்கச் சேறு.

"ஹெலன் நமக்கு எவ்வளவு பண்ணியிருக்காங்க" என்றார் கதிர்.

"தெரியுமுங்க."

"அந்த ஆளு ஒரு நாளாவது நம்மளைப் பாத்துச் சிரிச்சிருக்கானா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

"சிரிச்சாத்தான் இடம்னா, நாம அமெரிக்காவுல எத்தனை பேரைப் பாத்துச் சிரிச்சிருக்கோம்."

நிலா எங்களுக்கு நடுவில் குட்டையைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

"ஸோ யூ அண்ட் அப்பா கேன்சல்ட் ஈச் அதர் அவுட்" என்றாள்.

"இல்ல கண்ணு" என்றார் கதிர். "உங்கம்மா ஜெயிச்சுட்டா."

குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

பிறகு நடந்தவை

திங்கட்கிழமை காலை ஹெலன் வந்தாள். வெள்ளம் இருந்ததால் நிலாவை அழைத்துப்போக. ஹாரன் அடிக்கவில்லை, கதவைத் தட்டினாள்.

"ஏன்னு மட்டும் கேக்கலாமா?" என்றாள்.

"அவருக்குப் போக வேற இடம் இல்ல."

"எனக்கும்தான் இல்ல சுமதி" என்றாள். என் பெயரை அவள் சரியாக உச்சரித்தது அன்றைக்குத்தான் முதல் முறை. பிறகு நிலாவின் பையை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் சொன்னதும் உண்மைதான். இரண்டு பேருக்கும் இடமில்லாத விஷயத்தில் ஒருவர் பக்கம் கை தூக்கியிருந்தேன். அது சரியா என்று அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அதே வாரத்தில் ரெஜ்ஜை வேலியோரம் பார்த்தேன். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"உன் புருஷன்தான் சரியாக் கை தூக்கினான்" என்றார். "உங்களுக்கு வீடு போகும். பாரு."

போயிற்று. மார்ச் கடைசியில் ஹெலன் நேரில் வந்து சொன்னாள். கல்யாணக் கொட்டகை இல்லை என்றால் வேறு வருமானம் வேண்டும். இந்த வீட்டை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வார வாடகைக்கு விடப்போகிறாள். ஜூன் வரை நாங்கள் இருக்கலாம். அவள் பழி வாங்கவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்போதும் கையில் முட்டை கொண்டுவந்திருந்தாள்.

கதிர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. டவுனில் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டைக் கண்டுபிடித்து, பெட்டிகளைக் கட்டி, கடைசிப் பெட்டியைக் காரில் வைக்கும்போது மட்டும், "வேலியில்லாத வீடா பாத்திருக்கேன். யாருக்கும் ஓட்டுப் போட வேண்டாம்" என்றார்.

மிச்சக் காலத்தை டவுனில் கழித்துவிட்டு பார்சிப்பனிக்குத் திரும்பினோம். கிரீன் கார்டு க்யூ நாங்கள் விட்டுப்போன இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, பிறகு பின்னால் போய், நின்றிருந்தது. இப்போதும் நிற்கிறது. எனக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் வந்திருக்கிறது. ஒரு பரிசோதனைக் கூடத்தில் பகுதி நேரம் போகிறேன்.

திரும்பி வந்து சில கிறிஸ்துமஸ்கள் கழித்து பிரையன் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். ஹெலனின் கணவர் இறந்துவிட்டார். அடக்கத்தன்று ஊர் முழுக்க வந்ததாம். ரெஜ் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் ஹெலன் பாதி வயலைக் கேட்டாள். மறு பாதியில் கேரவன் இருக்கட்டும் என்று அவளே தீர்மானத்தில் எழுதிக் கொடுத்தாள். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை.

பாதி வயல் என்ற யோசனை எங்கள் யாருக்கும் அன்று தோன்றவில்லை. ஹெலனுக்கும்தான். அதற்கு ஒரு தோல்வியும் ஒரு சாவும் வேண்டியிருந்திருக்கிறது.

போன கோடையில்

கதிருக்குப் பழைய பிளான்டில் ஒரு வார வேலை வந்தது. நிலாவுக்கு விடுமுறை. மூன்று பேருமாகப் போனோம். ஒரு சனிக்கிழமை, சொல்லாமலே ஹெலனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாடகைக் காரில் கிளம்பினோம்.

வெயில். அந்த ஊரை நான் வெயிலில் பார்த்தது குறைவு. வேலியோரச் செடிகளெல்லாம் கார் உயரத்துக்குப் பூத்திருந்தன. ஊருக்குள் நுழைந்ததும் எங்களுக்கு முன்னால் வரிசையாகக் கார்கள். பெண்கள் தலையில் பெரிய தொப்பிகள். கொட்டகையிலிருந்து பாட்டு கேட்டது. கல்யாணம்.

வயல் வாசலில் ஒரு கிழவர் நின்று கார்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் நிற மேல்சட்டை, கையில் ஒரு குச்சி. பெரிய கறுப்புக் கார் ஒன்றை ஓட்டி வந்தவர் தப்பாக நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. ரெஜ் குச்சியால் அவர் கார் டயரைத் தட்டி, எடுத்து மறுபடி நிறுத்த வைத்தார். கோட்டும் பூவுமாக இருந்த அந்த மனிதர் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"மை காட், இட்ஸ் ஹிம்" என்றாள் நிலா, காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு.

எங்கள் முறை வந்தது. கதிர் கண்ணாடியை இறக்கினார்.

"கல்யாணத்துக்கா?" என்றார் ரெஜ்.

"இல்ல. ஹெலனைப் பார்க்க வந்தோம். நாங்க முன்னாடி இங்க..."

"தெரியும்." குனிந்து உள்ளே பார்த்தார். என் பக்கம் ஒரு கணம். முகத்தில் எதுவும் மாறவில்லை. "கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குத்தான் இடம். வண்டியைத் திருப்பு. சர்ச்சுகிட்ட போட்டுட்டு நடந்து வா."

பின்னால் கார்கள் நின்றுகொண்டிருந்தன. கதிர் முன்னும் பின்னுமாக எடுத்து, அந்தக் குறுகிய சந்தில் வண்டியைத் திருப்பினார். திருப்பி முடிக்கிற வரை ரெஜ் குச்சியைக் காட்டிக்கொண்டே நின்றார்.

கொஞ்ச தூரம் வந்ததும் கதிர் சொன்னார். "இந்த ஆளுக்காகவா சுமதி அன்னிக்குக் கை தூக்கினே?"

"ஆமாங்க" என்றேன்.